மனனமும் தீர்ப்பும் ஆய்வும்: மலாக்காவில் தமிழ் இலக்கியம் பயின்ற வரலாறு

ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணவர் இருவகை வினாக்களை எதிர்கொள்கிறார். ஒன்று கவிதை பற்றியது: இக்கவிதையின் கருத்தும் நயமும் யாவை? மற்றொன்று நாவலிலோ நாடகத்திலோ வரும் மாந்தரைப் பற்றியது: இப்பாத்திரத்தின் பண்புநலன்களை விளக்குக. இவ்வினாக்கள் இன்று நமக்கு மிக இயல்பானவையாகத் தோன்றுகின்றன. ஆனால், மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் நகரங்களிலும் தமிழ் கற்ற பிள்ளைகளிடம் இவை எக்காலத்தும் கேட்கப்பட்டவை அல்ல. செய்யுளைப் பிழையின்றி ஒப்பித்தலே கல்வி எனக் கருதப்பட்ட காலம் இருந்தது. காப்பிய மாந்தருள் யார் உயர்ந்தவர் என்று தீர்ப்பளித்தலே புலமை எனக் கருதப்பட்ட மேடையும் இருந்தது. சான்று காட்டி ஆராய்தல் என்னும் பழக்கம் இவற்றுக்குப் பின்னர் நம்மிடம் வந்து சேர்ந்தது. அது வந்த வழியையும், தேர்வறையில் அது அடைந்த நிலையையும், அதனை மீட்டுக்கொள்ள நம் மரபிலேயே உள்ள கருவிகளையும் இவ்வுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

1. கணக்குக்காகக் கற்ற தமிழ்

மலாக்காவில் தமிழ் கற்பித்தல் ரப்பர்த் தோட்டங்களோடு தொடங்கியதன்று. 1796இல் அந்நகரில் பிறந்த முன்ஷி அப்துல்லா, தம் வரலாறாகிய ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில், இளமையில் தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு அந்நகரில் நிலவிய வழக்கம் என்கிறார். கணக்குப் பார்ப்பதற்கும், அந்நாளில் மலாக்காவில் நிறைந்திருந்த வணிகரோடு உரையாடுவதற்கும் அம்மொழி உதவியது என்பதே அவர் கூறும் காரணம். ஆக, தமிழர் அல்லாதாரும் விரும்பிக் கற்ற மொழியாகத் தமிழ் அங்கு இருந்திருக்கிறது. எனினும் அது பேரேட்டுக்கும் பேரத்துக்கும் உரிய தமிழ். கவிதை அப்பாடத்திட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை.

அதே நகரில் மலாக்காச் செட்டிகள் எனப்படும் பழங்குடியினர் வாழ்ந்தனர். இன்றும் காஜா பேராங் பகுதியில் வாழ்கின்றனர். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் ஆலயம் அவர்களுடையது. பெயர்களையும் விழாக்களையும் வழிபாட்டு முறைகளையும் அவர்கள் காத்து வந்துள்ளனர். ஆயினும் அவர்களது வீட்டுமொழி மலாயாகிவிட்டது. ஒரு மொழி வணிகத்துக்கும் சடங்குக்கும் மட்டும் உரியதாகச் சுருங்கும்போது என்ன நேரலாம் என்பதற்கு இவ்வரலாறு ஓர் எடுத்துக்காட்டு. அம்மொழியில் சிந்திக்கவும் வாதிடவும் சுவைக்கவும் கற்பிப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. தோட்டப்பள்ளியும் மனனமும்

1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவின் வணிக முறை ரப்பர் விளைச்சல் மலாக்கா மண்ணில் தொடங்கிய வரலாறு இது. மரம் வெட்டத் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். 1938இல் இந்திய அரசு அவ்வகைக் குடிபெயர்வைத் தடை செய்யும்வரை இவ்வழக்கம் நீடித்தது. 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களில் நிருவாகமே பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. மெர்லிமாவ், டுரியான் துங்கல், பத்தாங் மலாக்கா, பாயா ரும்புட், புக்கிட் அசகான் என இன்று நாம் தமிழ்ப்பள்ளிகளைக் காணும் ஊர்ப்பெயர்கள் பலவும் அத்தோட்டச் சூழலை நினைவூட்டுவன.

அந்நாளைய தோட்டப்பள்ளி பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொண்டது. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அவ்வோர் அறையிலேயே அமர்ந்தனர். நூல்களோ மிகச் சில. அந்நிலையில் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் கூட்டாக ஓதி மனத்தில் பதிப்பதே இயலக்கூடிய கல்விமுறையாக இருந்தது. மொழியியல் நோக்கில் பார்ப்பின் இதனை இழிவாகக் கருத இயலாது. இலக்கணம் அறியும் முன்பே தமிழின் ஒலியமைப்பும் புணர்ச்சியும் சொற்றொடர் ஓட்டமும் பிள்ளையின் செவியில் குடியேறின. பின்னாளில் எழுத வந்த பலருக்கு அதுவே முதல் கொடை.

ஆயினும் அம்முறையில் செய்யுளை நோக்கி வினா எழுப்ப இடமில்லை. காப்பிய மாந்தரும் இவ்வாறே வந்து சேர்ந்தனர். திருவிழாக் காலத்துக் கூத்திலும் கோயிலில் நிகழ்ந்த இராமாயண, பாரத வாசிப்பிலும் பிள்ளைகள் அவர்களைக் கண்டனர். தருமன் வாய்மைக்கும், கர்ணன் கொடைக்கும், கண்ணகி கற்புக்கும் பெயராயினர். மாந்தர் ஒவ்வொருவரும் ஒரு பண்பின் பெயராக மனத்தில் தங்கினர்.

3. மேடைத் தீர்ப்பு

காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகமும் அதனையொட்டிப் பரவிய இலக்கிய விழாக்களும் பட்டிமன்றம் என்னும் வடிவத்துக்குப் பெருமதிப்பைத் தந்தன. கடல் கடந்து மலாயாவுக்கும் அம்மரபு வந்தது. கண்ணகியா மாதவியா, கும்பகருணனா வீடணனா என்பன போன்ற தலைப்புகள் நாமெல்லாரும் அறிந்தவை. மனனம் செய்த பெயர்களைப் பேச்சுப் பொருளாக்கியது பட்டிமன்றம். ஒரே மாந்தரை இருவேறு கோணத்தில் நோக்கலாம் என்று பொதுமக்களுக்குக் காட்டியது. இது சிறிய பணியன்று.

எனினும் பட்டிமன்றத்தின் இலக்கு தீர்ப்பு. ஒரு பக்கம் வெல்ல வேண்டும். நடுவர் ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும். தமக்கு மாறான சான்றைப் பேச்சாளர் மறைப்பது அங்கு உத்தியாகும். ஆராய்ச்சியிலோ அதுவே குற்றம். இவ்வேறுபாட்டை மாணவர்க்குத் தொடக்கத்திலேயே உணர்த்துதல் நலம்.

4. நாளிதழ் நடத்திய வகுப்பு

கதையை ஆராய்ந்து படிக்கும் பயிற்சி மலாயாத் தமிழர்க்குப் பள்ளி வழியாக மட்டும் வரவில்லை; நாளிதழ் வழியாகவும் வந்தது. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழில், 1950–51 காலப்பகுதியில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். கதைக்கரு, பாத்திரம், உரையாடல், தொடக்கம், முடிவு என்பவற்றைப் பிரித்தறியும் பழக்கம் இத்தகைய முயற்சிகளால் வாசகரிடையே பரவியது. அதனையடுத்துச் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழில் ‘ரசனை வகுப்பு’ நடந்தது. படைக்கக் கற்பித்தது ஒன்று. படித்து மதிப்பிடக் கற்பித்தது மற்றொன்று.

வகுப்பறை இல்லாத இவ்வகுப்புகளின் மாணவர் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அல்லர். நாளிதழ் சென்றடைந்த இடமெல்லாம் பாடமும் சென்றது. ‘இக்கதை நன்று’ என்று கூறுவோர் ‘ஏன் நன்று’ என்றும் கூறக் கடமைப்பட்டவர் என்னும் எண்ணம் இவ்வாறு பொதுவெளியில் ஊன்றப்பட்டது.

5. பல்கலைக்கழகமும் தேர்வும்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர் கோலாலம்பூரில் நிலைபெற்றது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதிக்கு எளிய தொழிலாளரும் தம்மால் இயன்றதை அளித்தனர். 1961இல் அத்துறைக்கு வந்த சேவியர் தனிநாயகம் அடிகள், சங்கப் பாடல்களில் நிலமும் கவிதையும் இயைந்து நிற்கும் முறையை ஆராய்ந்தவர். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியதில் அவர் பங்கு முதன்மையானது. தமிழ்க் கவிதையை உலக அறிஞர் அவையில் ஆராய்ச்சிப் பொருளாக வைக்கலாம் என்னும் தன்னம்பிக்கை அதனால் இந்நாட்டு ஆசிரியரிடையே வளர்ந்தது.

பள்ளியில் நிலைமை வேறு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதற்குப் பின் புகுமுக வகுப்பையோ முதலாம் படிவத்தையோ அடையும் பிள்ளை, வேற்றுமொழியில் பிற பாடங்களைக் கற்கிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் தாய்மொழி வகுப்பாக அமைந்தது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அவ்வகுப்பு நடத்தப்பட வேண்டியிருந்தது. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு பள்ளியில் அவ்வெண்ணிக்கையைத் திரட்டுவது பல ஆண்டுகளில் ஆசிரியரின் தனி முயற்சியாகவே இருந்தது. பள்ளி நேரத்துக்குப் பின்னரும் சனிக்கிழமையிலும் வகுப்பு நடந்த இடங்கள் உண்டு.

2009இல் எஸ்.பி.எம். தேர்வுப் பாடங்களைப் பத்தாக வரையறுக்கும் முடிவு அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் மாணவர் கைவிட நேரும் என்ற கவலை எழுந்தது. சமூக அமைப்புகள் வேண்டியதன் பின், கூடுதலாக இரு பாடங்களை எடுக்க வழி செய்யப்பட்டது. இவ்வாறு போராடிக் காத்த பாடம் இது. எனவே, அப்பாடத்தில் நாம் எதைக் கற்பிக்கிறோம் என்னும் வினா இன்னும் கூர்மை பெறுகிறது.

6. பயிற்றியின் வாய்பாடு

கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றை ஆராயுமாறு தேர்வு கேட்கிறது. மாணவரோ பல வேளைகளில் ஆய்வை ஒப்பிக்கிறார். பயிலரங்குகளில் நாம் படித்துப் பார்த்த விடைகளில் ‘அன்பானவன், பொறுப்பானவன், உழைப்பாளி, பொறுமைசாலி’ என்னும் சொற்கள் எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தும் சட்டைபோல் மாறி மாறி வந்தன. பழைய மனனம் செய்யுளை மனத்தில் வைத்தது. இப்புதிய மனனம் செய்யுளை விட்டுவிட்டுப் பயிற்றியின் வாய்பாட்டை மட்டும் வைக்கிறது. இழப்பு இங்கேதான்.

இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவரிடம் கொடுத்து அவர்தம் கருத்துகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1929இல் வெளிவந்த அவரது நூல், நன்கு பயின்ற மாணவரும் கவிதையில் இல்லாததை முன்கூட்டியே மனத்தில் வைத்துப் படித்ததைக் காட்டியது. ஒரு சொல்லைக் கண்டவுடன் பழகிய உணர்ச்சி தானாக எழுவது அவர் கண்ட குறைகளுள் ஒன்று.

மழை என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘மழை வளத்தின் குறியீடு’ என்பது பயிற்றியின் வாய்பாடு. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்துக்கு அது பொருந்தும். சங்கப் பாடலின் முல்லைத் திணையில் கார்காலம் என்பது தலைவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம். அங்கு மழை காத்திருப்பின் அளவுகோல். தோட்டத்துக் கவிதையிலோ கதையிலோ வைகறையில் மழை பெய்கிறது என்றால் பொருள் முற்றிலும் வேறு. பட்டை நனைந்தால் மரம் வெட்ட இயலாது; வெட்டியிருந்தாலும் பால் மங்கில் சேராமல் மழைநீரோடு வழிந்து வீணாகும். அங்கு மழை என்பது அன்றைய கூலியின் இழப்பு. ஒரே சொல், மூன்று உலகம். மலாக்காவின் தோட்டத்து மாணவர், தம் பாட்டனார் அறிந்திருந்த இவ்வுண்மையைத் தேர்வில் எழுதாமல் ‘வளம்’ என்று எழுதி வருவாராயின், அவருக்கு இலக்கியம் கற்பிக்கப்பட்டது என்று எவ்வாறு சொல்வது?

7. நம்மிடம் உள்ள கருவிகள்

இவ்வாய்பாட்டிலிருந்து விடுபட வேண்டிய கருவிகள் நம்மிடமே உள்ளன. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக முப்பத்து நான்கைத் தொகுத்துரைக்கிறது. மாத்திரை, அசை, சீர் என்னும் யாப்புறுப்புகளை மட்டும் கற்பித்து நாம் நின்றுவிடுகிறோம். அப்பட்டியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, முன்னம் என்பனவும் உள. யார் பேசுகிறார், யாரிடம், எவ்விடத்தில், எப்பொழுதில், என்ன விளைவை நாடி என்னும் வினாக்களே இவை. முன்னம் என்பது, இச்சொல் இவர் இவரிடம் கூறத்தக்கது என்று கூற்றின் குறிப்பால் உணர வைப்பது. மழை பற்றி நாம் மேலே கண்ட வேறுபாடு களன், காலம் என்னும் இரு வினாக்களால் கிடைத்தது.

மெய்ப்பாட்டியல் இன்னும் நுட்பமானது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்கிறது. அழுகைக்கு உரியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல் இளிவு. உயிரையோ பொருளையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நல்ல நிலையிலிருந்து தாழ்தல் அசைவு. தோட்ட நாவலில் அழும் பெண்களைப் பற்றி ‘சோகமானவள்’ என்று எழுதுவது பொருளற்றது. கணவனைச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொடுத்தவள் அழுவது இழவு. காலைப் பிரட்டில் பலர் முன் ஏச்சு வாங்கியவள் அழுவது இளிவு. தோட்டம் கைமாறி லயத்து வீட்டைக் காலி செய்பவள் அழுவது அசைவு. கடைப்பற்றுப் போகக் கையில் சம்பளம் மிஞ்சாதவள் அழுவது வறுமை. இவ்வேறுபாட்டை அறிந்த மாணவர்க்குக் கண்ணீர் ஒன்றாகத் தோன்றாது.

இனி, நன்கறிந்த பாத்திரம் ஒன்றை நோக்குவோம். கண்ணகி பற்றிப் பயிற்றி கூறுவது ‘பொறுமைசாலி’, ‘கற்புக்கரசி’. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், மாதரி இல்லத்தில் உணவு உண்டபின் கோவலன் தன் பிழைகளை எண்ணி வருந்துகிறான். அதற்குக் கண்ணகி தரும் விடையைக் கூர்ந்து படிக்க வேண்டும். அவன் பிரிந்திருந்தமையால் அறவோரையும் விருந்தினரையும் போற்றும் கடமைகளைத் தான் இழந்ததை அவள் சொல்கிறாள். அவனுடைய பெற்றோர் வந்தபோது தன் துயரைப் பொய்முறுவலால் மறைத்ததைச் சொல்கிறாள். அவன் நடந்துகொண்ட முறை போற்றத்தக்கதன்று என்பதையும் நேராகவே சொல்லிவிடுகிறாள். ஆகவே அவளது பொறுமை, குற்றம் காணாத பொறுமையன்று. கண்டு, அளந்து, உள்ளே வைத்திருந்த பொறுமை. வழக்குரை காதையில் பாண்டியன் முன் எழும் சினம் திடீரென வந்ததன்று என்பது இதனால் விளங்குகிறது.

மொழியியல் இவ்விடத்தில் மேலும் ஒரு சான்றைத் தருகிறது. கணவனைக் குறைகூறும் வினைமுற்றை அவள் முன்னிலைப் பன்மையில் அமைக்கிறாள். ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வரும் உயர்சொல் என்பதைத் தொல்காப்பியமே குறிக்கிறது. குற்றச்சாட்டும் மதிப்பும் ஒரே சொல்லில் நிற்கின்றன. பாண்டியனையோ ஒருமையில் விளிக்கிறாள். உடனே ‘மன்னனை அவமதித்தாள்’ என்று எழுதிவிடலாமா? கூடாது. மன்னரை ஒருமையில் விளித்தல் புறநானூற்றிலும் காணப்படும் பழைய புலமை மரபு; அவ்வொருமை மட்டும் அவமதிப்புக்குச் சான்றாகாது. அவனை ஆராய்ந்து பாராத மன்னன் என்று அவள் கூறும் அடைமொழியே சான்று. கிடைத்த சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே அதன்மேல் ஏற்ற வேண்டும். மேடைத் தீர்ப்பும் ஆய்வும் வேறுபடும் இடம் இது.

இதே கண்ணால் தோட்டக் கதையின் கங்காணியையும் பார்க்கலாம். துரையிடம் அவன் பேசும் மொழி, கிராணியாரிடம் பேசும் மொழி, தன் ஊரிலிருந்து தானே அழைத்து வந்த உறவுக்காரத் தொழிலாளியிடம் பேசும் மொழி ஆகிய மூன்றையும் பக்க எண்ணோடு குறித்துக்கொண்டால், ‘கொடியவன்’ என்னும் ஒற்றைச் சொல் போதாது என்பது தானே புலப்படும். அஞ்சி நிற்பவனும் அச்சுறுத்துபவனும் அவனே. இ. எம். பார்ஸ்டர் 1927இல் தட்டைப் பாத்திரம், முழுமைப் பாத்திரம் என வகுத்துக் காட்டியது இத்தகைய வேறுபாட்டை விளக்கத் துணைசெய்யும். ஆயின் அப்பெயர்களை ஒட்டுவது முடிவாகாது. சான்றுகளைத் திரட்டுவதே வேலை.

8. எது நம் கையில் உள்ளது

மலாக்காவின் பழைய தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு மரம் வெட்டியவர்கள் நாட்குறிப்பு எழுதி வைத்தவர்கள் அல்லர். நிருவாகப் பதிவேடுகளில் அவர்கள் ஆள் எண்ணிக்கையாகவும் கூலித் தொகையாகவும் இருக்கின்றனர். அவர்கள் எதற்கு அஞ்சினர், எதற்கு நாணினர், எதனைச் சொல்லாமல் விழுங்கினர் என்பவற்றைத் தேட வேண்டின், நாம் செல்லக்கூடிய இடங்களுள் முதன்மையானது இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதையும் நாவலும் கவிதையுமே. அவ்விலக்கியத்தில் வரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ‘உழைப்பாளி, பொறுமைசாலி’ என்று எழுதி மதிப்பெண் பெறும் பழக்கம், அவர்களை மீண்டும் எண்ணிக்கையாக்கிவிடுகிறது.

ஆசிரியர்க்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. பயிற்றியைத் திறக்கும் முன் ஒரு கவிதையை இருமுறை வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். தோட்டப்பள்ளி நமக்கு விட்டுச்சென்ற செவிப்பயிற்சி வீணாக வேண்டியதில்லை. பின்னர் கூற்று, கேட்போர், களன், காலம் என்னும் நான்கு வினாக்களைக் கேளுங்கள். பாத்திரம் பற்றி மாணவர் எந்தப் பண்பைச் சொன்னாலும், அதற்கு ஆதாரமான செயலையோ பேச்சையோ நூலிலிருந்து ஒன்றும், அதற்கு மாறானதை மற்றொன்றும் எடுத்துவரச் சொல்லுங்கள். மாறான சான்று கிடைத்த வகுப்பில் வாதம் எழும். அவ்வாதத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். பதினைந்து பேர் இல்லாத வகுப்பாயினும், ஐந்து பேர் இருந்தாலும், இதனைச் செய்ய இயலும்.